லைன் போயிருச்சி

சுந்தரலிங்கத்துக்குக் கல்யாணம் நடந்ததே ஒரு சொல்லால்தான். லைன் என்பது அந்தச் சொல். இருபத்தெட்டு வருஷம் கழித்து, கண்டியே மழையில் கரைந்துகொண்டிருந்தபோது, அதே சொல் திரும்பி வந்து அவரைச் சேற்றில் மலையேற வைத்தது. ஒரு மனிதரின் வாழ்க்கையில் ஒரே சொல் இத்தனை வேலை பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவருடைய பிழைப்பே அதில்தான் தொங்கியது என்பதால் சொல்லின் மேல் குற்றம் சொல்ல முடியாது.

கண்டி மணிக்கூண்டிலிருந்து பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்து இருக்கிறது. அதில் தையல்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே மூச்சு முட்டி நிற்பது லிங்கம் கொமினிகேஷன். இலங்கையில் கொமினிகேஷன் என்றால் போன் பேசுகிற கடை. ஒரு காலத்தில் அங்கே கண்ணாடிக் கதவு போட்ட மூன்று மரக்கூடுகள் இருந்தன. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறவர்கள் எல்லாம் வரிசையில் நின்று, கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டுபாய்க்கு நேரடியாகக் கேட்கட்டும் என்று கத்துவார்கள். உள்ளூருக்கு ஒரு லைன், வெளிநாட்டுக்கு ஒரு லைன். அதனால் யார் வந்தாலும் சுந்தரலிங்கம் தலை நிமிராமல் கேட்கிற முதல் கேள்வி, “எந்த லைன்?”

ஒரு நாள் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். டுபாயில் இருக்கிற தம்பியோடு பேச வேண்டும்.

“எந்த லைன்?” என்றார் சுந்தரலிங்கம்.

“கீழ் லைன். கடைசி வீடு” என்றாள் அவள்.

தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு லைன் என்றுதான் பெயர். எழுதுகிறவர்கள் லயம் என்று எழுதுவார்கள். வாயில் வருவது லைன். போன் பேச வந்த இடத்தில் இந்த மனுசன் எதற்கு வீட்டு விலாசம் கேட்கிறான் என்று அவளுக்கு யோசனைதான். ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்வது மரியாதை என்று சொல்லிவிட்டாள். சுந்தரலிங்கம் அன்றுதான் வேலை நேரத்தில் தலை நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டார். “எந்தத் தோட்டம்?” இந்தக் கேள்விக்கும் டுபாய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தலாத்துஓயாவுக்கு மேலே நாவல்மேட்டுத் தோட்டம். அடுத்த ஞாயிறே பஸ் ஏறிப் போய்விட்டார். டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பம், தோட்டத்துப் பெண்ணா என்று அவர் வீட்டார் கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். கை வலித்ததும் இறக்கி வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்தான் ரத்தினம்மா.

மரக்கூடுகள் போய்விட்டன. போனுக்குக் காசு போடுகிற ரீலோட் வந்தது, போட்டோப் பிரதி வந்தது, போனிலேயே லைட் பில் கட்டுவது வந்தது. எது புதிதாக வந்தாலும் கண்டியில் முதலில் வாங்குகிறவர் சுந்தரலிங்கம். அம்பிட்டியவில் மேட்டுப் பாங்கான இடத்தில் கட்டிய அவருடைய வீட்டில், தண்ணீர் ஏறுவது மோட்டாரில், சோறு வேகுவது கரண்ட் அடுப்பில். வாசல் கதவுக்குச் சாவி கிடையாது. இலக்கம் அழுத்தினால் திறக்கிற பூட்டு.

“கரண்ட் போனா வீட்டுக்குள்ள எப்படிப் போறது?” என்று ரத்தினம்மா அந்தப் பூட்டைப் பொருத்திய அன்றே கேட்டாள்.

“அதுக்குள்ள பேட்டரி இருக்கு.”

“பேட்டரி போனா?”

“பேட்டரி ஏன் போகுது?” என்றார் சுந்தரலிங்கம். உலகத்தில் எதுவும் போகாது என்று அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. கெட்ட மனிதர் இல்லை. நல்ல காலமாகவே பார்த்துப் பழகிவிட்டவர், அவ்வளவுதான்.

சண்டை வந்தது துஷானியின் சடங்கை வைத்து. டுபாயில் இருந்த அந்தத் தம்பி கணேஸ் எப்போதோ ஊருக்குத் திரும்பி, நாவல்மேட்டில் அதே கடைசி வீட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, மரக்கறி போட்டு விற்கிறான். அவன் மகள் துஷானி பெரியபிள்ளை ஆகிவிட்டாள். தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டிய அத்தை ரத்தினம்மா. பக்கத்தில் நிற்க வேண்டிய மாமா நம்மவர். ஞாயிற்றுக்கிழமை சடங்கு, ரத்தினம்மா செவ்வாய்க்கிழமையே புறப்பட்டுப் போனாள். போகும்போது பிரிட்ஜுக்கு மேலே ஒரு பன்னீர்ப் போத்தலை வைத்து, வரும்போது கட்டாயம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வியாழக்கிழமை காலை போனில் இவர் மெல்ல ஆரம்பித்தார். கடையைப் பூட்ட முடியாதாம். வீடியோ கோலில் வந்துவிடுவாராம்.

“வீடியோவுல வந்து பன்னீர் தெளிப்பீங்களா?”

“காலம் மாறிருச்சி ரத்தினம். நம்ம மக லோஜினி கட்டார்ல இருந்து வருவா, நான் கண்டியில இருந்து வருவேன். எல்லாரும் ஒரே ஸ்க்ரீன்ல நிப்போம்.”

“அப்ப ஸ்க்ரீனுக்கு ஆரத்தி எடுக்கவா?”

“எடுத்தா என்ன?”

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரத்தினம்மா, “நேர்ல வராத மனுசன் இனி எனக்கு ஒண்ணும் கோல் எடுக்க வேணாம். எடுத்தாலும் நான் தூக்க மாட்டேன்” என்றாள்.

“எடுக்கல. போதுமா?” என்று சுந்தரலிங்கம் பட்டென்று கோலை வெட்டிவிட்டார். பின்னேரம் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தார். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் பண்ணிக்கொண்டு வந்தார்கள். ஆனால் பின்னேரம் எடுத்தபோது அவள் போன் அடிக்கவே இல்லை, கோபத்தில் அணைத்து வைத்திருக்கிறாள் என்று விட்டுவிட்டார்.

அன்றைக்கு மழை பிடித்தது. புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். புயல் என்றால் கடற்கரைக்காரருடைய பிரச்சினை, மலைநாட்டில் நமக்கென்ன என்று கண்டி முழுவதும் இருந்தது. அந்தப் புயலுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை போலும். அது மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல், மலைக்கு மேலே வந்து உட்கார்ந்து கையில் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டியது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கரண்ட் இல்லை. அதனால் என்ன, மழைக்குக் கரண்ட் போவது வழக்கம்தானே என்று எல்லோரும் பாண் வாங்கப் போனார்கள். பேக்கரியில் அடுப்பு மூட்டவில்லை. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. கரண்ட் போனால் தண்ணீரும் போகும் என்று அதுவரை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. பெற்றோல் ஷெட்டில் தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது. அதை மேலே இழுக்கக் கரண்ட் வேண்டும். பேங்க் மெஷின் கண்ணை மூடிவிட்டது. கடுகண்ணாவை றோட்டில் மண் விழுந்து கொழும்பு லொறிகள் நின்றன. ஒரு பெரிய கடையில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தது, வாங்க வந்தவர் கையில் காசும் இருந்தது, விலை சொல்கிற கம்பியூட்டர் மட்டும் செத்துக் கிடந்தது. பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விளையாடுவார்களே, அதில் முன்னால் போகிறவன் தடுக்கினால் பின்னால் ஒருவன் மிஞ்ச மாட்டான். இத்தனை பெரிய பட்டணம் அந்த மாதிரித்தான் விழுந்தது. யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை, பிடித்துக்கொண்டிருந்ததுதான் குற்றம்.

கடைசியாகப் போனது போன். கரண்ட் போன பிறகும் டவர்கள் உள்ளே இருந்த பேட்டரியில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்கு முன்னாடி அதுவும் நின்றது. சுந்தரலிங்கம் ரத்தினம்மாவுக்கு எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. லோஜினிக்கு எடுத்தார். அதுவும் இல்லை. நடந்தே அம்பிட்டிய வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று இலக்கத்தை அழுத்தினார். பேட்டரி ஏன் போகும் என்று கேட்டாரே, அன்றைக்குத்தான் போயிருந்தது. பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிச் சமையலறை ஜன்னல் வழியாக, சொந்த வீட்டில் கள்ளனைப் போலக் குடிபுகுந்தார். உள்ளே போய் முதலில் செய்த காரியம், போனைச் சார்ஜில் போட்டது. போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆனாலும் சனிக்கிழமை காலை கடையைத் திறந்தார். திறந்து என்ன விற்பது என்று கேட்கக்கூடாது. திறக்காமல் அவருக்கு இருக்கத் தெரியாது. மழை விட்டிருந்தது. ஆட்கள் வந்து எட்டிப் பார்த்து, “லிங்கம் அண்ணே, லைன் எப்ப வரும்?” என்று கேட்டார்கள். மேசை லாச்சிக்குள் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைப்பு. பக்கத்துத் தையல்கடை றம்லத் மண்ணெண்ணெய் அடுப்பில் பால் இல்லாத பிளேன்டீ போட்டுச் சந்துக்கே கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்குறணையில் அவள் தாய்வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. எல்லோரும் மேல்மாடியில் சுகமாக இருக்கிறார்கள் என்று யாரோ நடந்து வந்து சொன்ன பிறகுதான் அவள் முகத்தில் உயிர் வந்தது. அப்படித்தான் அன்றைக்குக் கண்டியில் சேதி போனது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நடக்கிறவனிடம் ஒரு வார்த்தை, பேராதனைப் பக்கம் நடக்கிறவனிடம் ஒரு வார்த்தை. சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் இடையில் முன்பின் தெரியாத வாய்கள் எத்தனையோ. நம்மவருடைய கடையும் அதற்கொரு தரிப்பிடம் ஆகிவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறிக்கு வாளியோடு போய்விட்டு அவர் திரும்பி வந்தபோது றம்லத் ஓடி வந்தாள்.

“லிங்கண்ணன், ஓங்களுக்கு ஒரு சேதி வந்தீக்கிது. தலாத்துஓயாப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்து செல்லிட்டுப் போனார். லைன் போயிருச்சாம். வர வேணாமாம்.”

சுந்தரலிங்கம் வாளியை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தீங்களா றம்லத்! லைன் போனத எனக்கே சொல்லி அனுப்புறா. எனக்குத் தெரியாதாமா? வர வேணாமாம். இன்னும் கோபம் போகல.” கோபமாக இருக்கிறாள் என்றால் சுகமாக இருக்கிறாள். அவருக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. பிளேன்டீயை வாங்கி, சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு, சந்தோஷமாகக் குடித்தார்.

பாதிக் கோப்பையில் கை நின்றது.

ரத்தினம்மா போனை லைன் என்று சொல்ல மாட்டாள். போன் என்பாள், கோல் என்பாள், சிக்னல் இல்லை என்பாள். கடைக்கார மனுசனைக் கட்டி இத்தனை வருஷம் ஆகியும் லைன் என்றால் அவளுக்கு நாவல்மேட்டுக் கீழ் லைன்தான். “எங்க லைன்ல” என்று ஆரம்பித்தால் பொழுது போவது தெரியாது.

லைன் போயிருச்சி. வர வேணாம்.

“றம்லத், யார் சொல்லி அனுப்பினதாம்? ரத்தினமா?”

“பேர் ஒண்டும் செல்லல்ல அண்ணன். அவருக்கும் வேற யாரோ சென்னதாம். கால் முழுக்கச் சேறு, அவசரமாப் போய்ட்டார்.” சொல்லிக்கொண்டு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். தோட்டத்து ஆட்கள் எத்தனையோ பேருக்குச் சட்டை தைத்தவள் அவள். லைன் என்றால் என்னவென்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. “யா அல்லாஹ்” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையிலிருந்து சந்தில் வந்தவன் போனவன் எல்லாம் மலை இறங்கிய கதையைத்தான் சொன்னான். அங்கே ஒரு சரிவு, இங்கே ஒரு சரிவு. கேட்டுக்கொண்டுதான் இருந்தார். யாருக்கோ நடந்ததைக் கேட்கிற மாதிரி கேட்டார். கடைசியாகத் தான் அவளிடம் சொன்னது இப்போது காதில் விழுந்தது. எடுக்கல. போதுமா?

கடைச் சாவியை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கினார். றம்லத் பின்னாலேயே வந்து ஒரு பிஸ்கட் பக்கட்டைப் பைக்குள் திணித்தாள். “கடைய நான் பாத்துக்கொள்றன். பொறுமையாப் போங்க. அல்லாஹ் காப்பாத்துவான்” என்றாள். அவர் அதற்குத் தலையாட்டினாரா என்பது அவருக்கே ஞாபகம் இல்லை.

அம்பிட்டிய வந்ததும் ஏணியை வைத்து மறுபடி ஜன்னல் ஏறினார். காலில் இருந்த சப்பாத்தை மாற்றத்தான் ஏறினார். பிரிட்ஜுக்கு மேலே பன்னீர்ப் போத்தல் நின்றது. அவள் கட்டாயம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னது. எடுத்துப் பைக்குள் வைத்தார். தெளிக்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, இதைக் கொண்டுபோகாமல் அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று மட்டும் தோன்றியது.

றோட்டு என்று சொல்லும்படி அங்கே அதிகம் மிஞ்சவில்லை. மேலேயிருந்து வந்த மண், மரத்தையும் லைட் கம்பத்தையும் ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு குறுக்கே கிடந்தது. ஆட்கள் கை கொடுத்துக் கை கொடுத்து ஏறி இறங்கினார்கள். சிங்களத்தில் ஒருவர் “பரிஸ்ஸமென்” என்றார், பார்த்துப் போங்கள் என்று. சுந்தரலிங்கம் முழங்காலில் விழுந்து எழும்பி நடந்தார்.

ஒரு பெரிய மண்மேட்டைத் தாண்டி இறங்கினால், சுத்தமான றோட்டில் ஒரு த்ரீவீலர் நின்றது. ஓட்டுகிறவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தான்.

“ஏறுங்க அண்ணே. ஆனா ரொம்பத் தூரம் போகாது. இந்தப் பக்கமும் மண்ணு, அந்தப் பக்கமும் மண்ணு. நடுவுல அரை மைல் றோட்டு மட்டும் எனக்குன்னு எழுதி வச்ச மாதிரி இருக்கு. நேத்துலேருந்து இதுலயேதான் ஓடுறேன். பேரு சுரேஸ்.”

வேறு நாளாக இருந்தால் சுந்தரலிங்கம் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். “நாவல்மேட்டுப் பக்கம் ஏதாச்சும் தெரியுமா தம்பி? லைன் போயிருச்சின்னு ஒரு சேதி...”

“அட, அது நான் அனுப்பின சேதிதானே!” என்று சுரேஸ் உற்சாகமாகத் திரும்பினான். “டவுனுக்கு நடந்த ஒருத்தர்கிட்ட சொல்லிவிட்டேன். வந்துருச்சா? பரவாயில்லையே!”

“உனக்கு யார் சொன்னது?”

“அந்தப் பக்க மண்ணுமேட்டு மேல நின்ன ஒரு ஐயா. அவருக்கு மேலேருந்து யாரோ கத்திச் சொன்னாங்களாம். மணிக்கூண்டுப் பக்கம் லிங்கம் கொமினிகேஷன், லைன் போயிருச்சி, வர வேணாம். அவ்வளவுதான்.”

“எந்த லைன்னு கேட்டியா?”

சுரேஸ் தலையைச் சொறிந்தான். “கேக்கலையே அண்ணே.”

எந்த லைன். அந்த இரண்டு சொல்லைச் சுந்தரலிங்கம் வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பார்! அந்த மலையிலிருந்து இந்தச் சேதி எத்தனை வாய் மாறி வந்தது. அத்தனை வாயில் ஒன்றுக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. முதலில் சிரித்த தனக்கே தோன்றவில்லையே என்று நினைத்தபோது தன்மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. அடுத்த மண்மேட்டில் இறங்கிக்கொண்டார். சுரேஸ் காசு வாங்க மாட்டேன் என்றான். திரும்பி வரும்போது இங்கேதான் இருப்பேன், வேறெங்கே போகப்போகிறேன் என்றான்.

தோட்டத்து வழியில் ஏற ஏறப் பனி அடர்ந்தது. தேயிலைக்கு நடுவே, துணியைக் கிழித்த மாதிரி மலையில் ஒரு செம்மண் கீறல் மேலேயிருந்து இறங்கியிருந்தது. அது போய் முடிகிற இடத்தில்தான் கீழ் லைன் இருக்க வேண்டும். சுந்தரலிங்கத்துக்கு மூச்சு வாங்கவில்லை. மூச்சை விடத்தான் பயமாக இருந்தது. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பனி கொஞ்சம் விலகியது. தகரக் கூரை ஒன்று தெரிந்தது. இன்னொன்று தெரிந்தது. வரிசை முழுவதும் தெரிந்தது. கடைசி வீடும் தெரிந்தது. கணேஸ் போட்ட மரக்கறிப் பாத்தி எல்லாம் மண்ணோடு போய்விட்டது, கக்கூஸ் வரிசையும் போய்விட்டது. லைன் அப்படியே நின்றது.

ஆனால் ஒரு வீட்டிலும் புகை இல்லை. கதவெல்லாம் சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார். கூரையிலிருந்த சேவல் ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரியாது என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அப்போது மேலே, தோட்டத்துப் பாடசாலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. “இவ்வளவு சனத்துக்கு இந்த உப்பு எந்த மூலைக்குக் காணும்? நாக்குல வச்சிப் பாத்தியா இல்லையா? கண்ணால பாத்தா உப்பு தெரியுமா?” என்று யாரையோ ஒரு பெண்குரல் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குரலை உலகத்தில் எங்கே கேட்டாலும் சுந்தரலிங்கத்துக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக அவர் வாங்கின ஏச்சு. விழுந்தடித்துக்கொண்டு மேலே ஏறினார். பாடசாலைப் படியில் உட்கார்ந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயது மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

“மாமா வந்துட்டாங்க!” என்று துஷானிதான் முதலில் கத்தினாள். கணேஸ் ஓடிவந்தான். அவர்களுக்குப் பின்னால் கையில் அகப்பையோடு ரத்தினம்மா. தலை முதல் கால் வரை சேறாக உட்கார்ந்திருக்கிற புருஷனைப் பார்த்ததும் அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாய் அதற்கு முன்னால் திறந்துகொண்டது.

“வர வேணாம்னு சொல்லி அனுப்பினேன்ல! றோட்டெல்லாம் மண்ணா கெடக்கு, எங்கயாச்சும் சரிவுல மாட்டியிருந்தா?”

“நீயா சொல்லி அனுப்பின? லைன் போயிருச்சின்னு?”

“ஆமா, நான்தான்.”

“லைன் அங்க குத்துக்கல்லு மாதிரி நிக்குது ரத்தினம்! அத நெனச்சி நான் செத்துப் பொழைச்சி வந்திருக்கேன்!”

ரத்தினம்மாவுக்கு விளங்கவில்லை. அகப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள், “எந்த லைன்?”

கேட்ட பிறகு அவளுக்கே விளங்கியது. கீழே திரும்பித் தகரக் கூரைகளைப் பார்த்தாள். “ஐயோ சாமி” என்று அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டாள். மலையில் வெடிப்புக் கண்டதும் வெள்ளிக்கிழமை காலையிலேயே எல்லோரும் பாடசாலைக்கு ஏறிவிட்டார்களாம். ஒரு உயிருக்கும் சேதம் இல்லையாம்.

“நான் ஒங்க லைனச் சொன்னேங்க. போன் லைன். நான் தூக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ல. நீங்க பின்னேரம் எடுத்துருப்பீங்க, அடிச்சிருக்காது. வேணும்னே தூக்காம இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு, சாப்பிடாம கொள்ளாம இருப்பீங்களேன்னு மனசு கேக்கல. அதான், லைன் போயிருச்சி, அதாலதான் தூக்கலன்னு சொல்லச் சொன்னேன். நடுவுல அது எங்கயோ உதிந்து போச்சி போல.”

“நீ எப்பவும் போன்னுதானே சொல்லுவ? சிக்னல்னுதானே சொல்லுவ?”

“அது மத்தவங்களுக்கு. ஒங்களுக்குச் சொல்லி அனுப்புறப்ப ஒங்க பாஷையிலதானே சொல்லணும்?”

சுந்தரலிங்கம் கண்ணைத் துடைத்தார். கையில் இருந்த சேறு முகத்தில் ஏறியது. “நான் ஒன்னோட பாஷையில கேட்டுட்டேன்” என்றார்.

ரத்தினம்மா சேலைத் தலைப்பை எடுத்து அந்தச் சேற்றைத் துடைத்துவிட்டாள். பிறகு ஞாபகம் வந்தவள் போல, “பன்னீர்ப் போத்தல் எங்க?” என்று கேட்டாள். அவர் பையைத் திறந்து நீட்டியபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்குக் கரண்ட் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குறித்த நேரத்திலேயே துஷானிக்குச் சடங்கு நடந்தது. பக்கத்து மலைகளில் துக்கம் இருந்தது. அதனால் மேளம் வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள், முதலில் எல்லோருமாக எழுந்து நின்று, போனவர்களை நினைத்துக் கும்பிட்டார்கள். மற்றபடி அழைப்பு வைக்கிற வேலையே இல்லை. ஊர் முழுவதும் ஏற்கெனவே பாடசாலை மண்டபத்தில்தான் படுத்துக் கிடந்தது. மேசையை ஒதுக்கி மணை போட்டார்கள். ஒவ்வொரு வீட்டு அரிசியும் ஒரே அண்டாவில் வெந்தது, உப்பும் இந்த முறை போதுமானதாக இருந்தது. ரத்தினம்மா தண்ணீர் வார்த்தாள். சுந்தரலிங்கம் யாரோ கொடுத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, இத்தனை தூரம் சுமந்து வந்த பன்னீரை ஆசை தீரத் தெளித்தார். துஷானியின் புதுப் பாவாடை நனைந்தது. பக்கத்தில் நின்ற தோட்டத்து வாத்தியாரும் நனைந்தார். “வீடியோவுல இப்படித் தெளிச்சிருக்க முடியுமா?” என்று ரத்தினம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடியாது, முடியாது என்று அவரும் ஒவ்வொரு தடவையும் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகும் அவர்கள் உடனே கண்டிக்கு இறங்கவில்லை. பாத்தியில் மண் அள்ளக் கணேசுக்கு ஆள் தேவைப்பட்டது. கண்டிக்கு நடக்கிற ஒருவரிடம் றம்லத்துக்குச் சேதி சொல்லி அனுப்பினார்கள். எல்லாரும் சுகம் என்று மட்டும் சொல், வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காதே என்று சுந்தரலிங்கம் அவனை மூன்று முறை சொல்ல வைத்துக் கேட்டுவிட்டுத்தான் விட்டார்.

கொஞ்ச நாளில், இனிப் பயமில்லை என்றதும் எல்லோரும் லைனுக்குத் திரும்பினார்கள், தூரத்து மலை டவர் ஒன்றுக்கும் உயிர் வந்தது. சார்ஜ் தீராமல் அணைத்துப் பத்திரமாக வைத்திருந்த போனைச் சுந்தரலிங்கம் திறந்தார். கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கத்துப் பாறை மேல் ஏறி நின்றால் சிக்னல் கொஞ்சம் வந்து போனது. ஏறி நின்றவுடனே அடித்தது. கட்டாரிலிருந்து லோஜினி. ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அப்பா! எத்தனை நாளா எடுக்கிறேன்... வீட்டுல அடிக்கல, கடையில அடிக்கல... எங்கப்பா இருக்கீங்க? அம்மா எங்க?”

“அழாதம்மா. அப்பாவும் அம்மாவும் லைன்லதான் இருக்கோம்” என்றார் சுந்தரலிங்கம்.

கீழே நின்றுகொண்டு பாறையில் அவர் வழுக்கிவிடாமல் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ரத்தினம்மா அண்ணாந்து கத்தினாள். “எந்த லைன்னு சொல்லுங்க, புள்ள பயந்துறப் போறா!”